நிகழ்பட ஆட்ட வரைகலை அமைப்புகளும் வரைகலை அட்டையின் சுமையும்

வரைகலை அட்டை என்பது கணினித் திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு வரையும் வன்பொருள் ஆகும். நிகழ்பட ஆட்டங்களில் பிரிதிறன், நிழல், ஒளி, மேற்பரப்பு விவரம் போன்ற அமைப்புகளைப் பயனர் கூட்டவும் குறைக்கவும் இயலும். இவற்றை உச்சத்தில் வைத்தால் அட்டை எரிந்துவிடும் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. உயர் அமைப்புகள் பொதுவாக ஆட்டத்தின் வேகத்தையே குறைக்கின்றன என்பதையும், பழுதுக்கு வேறு காரணங்கள் இருந்தன என்பதையும் கடந்த கால நிகழ்வுகள் காட்டுகின்றன.

தொடக்கம்

1996 இல் வெளியான குவேக் ஆட்டத்தில், படம் வரையும் வேலை முழுவதையும் கணினியின் மையச் செயலகமே செய்தது. 1997 இல் வந்த ஜிஎல்குவேக் பதிப்பு அவ்வேலையை வூடூ போன்ற முப்பரிமாண அட்டைகளிடம் ஒப்படைத்தது. அதன்பின் ஆட்டத்தின் தோற்றமும் வேகமும் பெருமளவு அட்டையின் திறனைச் சார்ந்தவையாயின.

கிரைசிஸ்

ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் உருவாக்கிய கிரைசிஸ் 2007 நவம்பரில் வெளியானது. அடர்ந்த காடு, நெடுந்தொலைவுக் காட்சி, நகரும் நிழல்கள் ஆகியவை இதன் சிறப்புகள். அன்றைய உயர்நிலை அட்டையான ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் 768 மெகாபைட் நினைவகம் கொண்டது. எனினும், 1920×1200 பிரிதிறனிலும் உச்ச அமைப்பிலும் அதனால் நொடிக்கு 30 படங்களைக்கூட வரைய முடியவில்லை. "இதில் கிரைசிஸ் ஓடுமா?" என்பது புதிய கணினிகளைப் பற்றிய நகைச்சுவைக் கேள்வியாயிற்று.

நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில், ஒவ்வொரு படத்தையும் சுமார் 16.7 மில்லி நொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 1920×1080 இலிருந்து 3840×2160 பிரிதிறனுக்கு மாறினால் படப்புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. வேலை கூடும்போது படம் தாமதமாகிறது. அட்டையின் நினைவகம் போதாவிட்டால் தரவுகள் கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து மெதுவாக வருவதால் ஆட்டம் திக்கித் திக்கி ஓடுகிறது.

வெப்பமும் பழுதும்

2010 இல் வெளியான ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டத்தில் சிக்கல் எளிய பட்டித் திரைகளில் எழுந்தது. அங்கு சட்டக வீதத்திற்கு வரம்பு இல்லாததால், அட்டை ஒரே காட்சியை இயன்ற வேகத்தில் திரும்பத் திரும்ப வரைந்து முழுச் சுமையில் இயங்கியது. குளிரூட்டல் போதாத கணினிகள் அளவுக்கு மீறிச் சூடாயின. பிளிசர்ட் நிறுவனம் சட்டக வீதத்தைக் கட்டுப்படுத்தும் வழியை அறிவித்தது.

2021 இல் நியூ வேர்ல்டு ஆட்டத்தின் சோதனைப் பதிப்பை இயக்கியபோது ஆர்டிஎக்ஸ் 3090 அட்டைகள் சில செயலிழந்தன. தன் அட்டைகளை ஆராய்ந்த ஈவிஜிஏ நிறுவனம், சால்டரிங்கில் இருந்த குறையே காரணம் என்று கூறியது. ஆட்டத்தை உருவாக்கிய அமேசான், பட்டித் திரையில் சட்டக வீதத்திற்கு வரம்பு விதித்தது.

தற்காப்பு

தற்கால அட்டைகள் வெப்பம் வரம்பை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. சட்டக வீதத்தைத் திரையின் புதுப்பிப்பு வீதத்திற்குள் வைப்பதும், விசிறியிலுள்ள தூசியை நீக்குவதும், கணினிப் பெட்டிக்குள் காற்றோட்டம் தருவதும் அட்டையின் வெப்பத்தைக் குறைக்கும்.