அறியாவினாவும் லாரன்சு நகரப் பெற்றோரும்

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பகுத்தார். அவற்றுள் அறிவினா, விடை அறிந்தவர் பிறர் அறிவை அளக்கக் கேட்பது. அறியாவினா, அறியாதவர் அறிந்துகொள்ளக் கேட்பது. முன்னது ஆசிரியர்க்கும் பின்னது மாணாக்கர்க்கும் உரியதாக எடுத்துக்காட்டுவது மரபு. வினாதலைக் கற்போரின் கடமைகளுள் ஒன்றாகவும் அந்நூல் வைத்துள்ளது. எனினும் வகுப்பறையில் மிகுதியும் ஒலிப்பது அறிவினாவே. அறியாவினா எழுப்பக் கற்பிக்க இயலுமா என்பதற்கு அமெரிக்க நகரொன்றின் அண்மைக்கால வரலாறு சான்றாகிறது.

மாசாசூசெட்சு மாநிலத்து லாரன்சு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெரிமாக் ஆற்றங்கரையில் நெசவாலைகளுக்காகவே எழுந்த ஊர்; 1912ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தால் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. ஆலைகள் நலிந்தபின் புவெர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஆகியவற்றிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கு மிகுந்தன. 1990களின் தொடக்கத்தில், மாணவர் இடைநிற்றலைத் தடுக்கும் திட்டமொன்றில் டான் ரோத்ஸ்டீன், லூஸ் சந்தானா ஆகியோர் அங்குப் பணியாற்றினர். சந்தானாவும் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து புலம்பெயர்ந்தவரே. பெற்றோர் பள்ளிக்கு வாராமைக்கு அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது எளிது. பெற்றோர் கூறியதோ வேறு: அங்கே சென்று என்ன கேட்பதென்று தெரியவில்லை என்பதே அது.

திட்டத்தினர் முதலில் செய்தது, கேட்க வேண்டிய வினாக்களைப் பட்டியலிட்டுக் கொடுத்ததாகும். பட்டியல் தீர்ந்ததும் பெற்றோர் அடுத்த பட்டியலுக்கு வந்து நின்றனர். உதவியே சார்புநிலையை வளர்த்துவிட்டது. வடிவால் அறியாவினாவாயினும், பட்டியலில் உள்ளது பிறருடைய அறியாமை. கேட்பவரின் ஐயம் அதில் இல்லை. இப்பிழையை உணர்ந்து வழியை மாற்றிக்கொண்டமையே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

பின்னர் உருவான முறை வியப்பளிக்கும் அளவுக்கு எளியது. ஒரு பொருளை முன்வைத்து, இயன்றவரை மிகுதியாக வினாக்களை எழுப்பச் செய்வர். இடையில் விடை கூறவோ, வினாவை மதிப்பிடவோ, விவாதிக்கவோ கூடாது. சொன்னது சொன்னபடியே எழுதப்படும். கூற்றாக வந்தது வினாவாக மாற்றப்படும். அடுத்து, ஒரு சொல்லில் விடை முடிவனவும் விரிந்த விடை வேண்டுவனவும் பிரிக்கப்பட்டு, ஒருவகை மற்றதாக மாற்றிப் பார்க்கப்படும். இறுதியில் முதன்மையானவற்றைக் கேட்டவர்களே தெரிவு செய்வர்.

பெற்றோர்க்கென உருவான இம்முறை பின்னர் வகுப்பறைக்கும் சென்றது. அதனை விளக்கி அவ்விருவரும் எழுதிய நூலை 2011இல் ஹார்வர்டு கல்விப் பதிப்பகம் வெளியிட்டது. ஆசிரியர்க்கு அம்முறை விதிக்கும் கட்டுப்பாடு கடுமையானது. மாணவர் தயங்கி நிற்கும்போதும் அவர் மாதிரி வினா ஒன்றுகூடத் தரலாகாது. தந்தால் அது மீண்டும் பட்டியலின் முதல் வரியாகிவிடும்.