பிறந்த நாளும் பதிவேட்டு நாளும்

1869ஆம் ஆண்டு இலண்டனில் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்ற சுரேந்திரநாத் பானர்ஜியின் பெயர் தேர்ந்தோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அவர் 1848 நவம்பரில் பிறந்ததாகச் சொல்லியிருந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் 1863ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் ஆவணமோ அப்போதே அவருக்கு 16 வயது என்றது. அந்தக் கணக்கின்படி அவர் வயது வரம்பைக் கடந்தவராகிறார். பானர்ஜி தரப்பின் விளக்கம் நம்மவர்க்கு உடனே விளங்கும். இந்தியர் வயது சொல்லும்போது நிறைந்த ஆண்டைச் சொல்வதில்லை, நடப்பு ஆண்டைச் சொல்வர். பதினைந்து நிறைந்து பதினாறு நடப்பவன் பதினாறு வயதினன். இலண்டன் அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. வழக்கு அரசியின் நீதிமன்றம் வரை சென்று, அங்கே பானர்ஜிக்குச் சாதகமாக முடிந்தது. (பணியில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே வேறு காரணத்தால் அவர் வெளியேற்றப்பட்டதும், அதன்பின் தேசியத் தலைவரானதும் தனிக் கதை.)

அது பணியின் வாசலில் எழுந்த வழக்கு. பின்னர் இந்தியா முழுவதும் பெருகிய பிறந்த தேதி வழக்குகளோ பணியின் மறுமுனையில், ஓய்வு நெருங்கும் வேளையில் எழுந்தவை. வேர் என்னவோ ஒன்றுதான். பிறப்பைப் பதிவு செய்யாத ஒரு சமூகத்தில், பிறந்த தேதியைக் கேட்கும் ஓர் அரசு வந்து அமர்ந்தது.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கெனப் பிரித்தானிய அரசு 1886இல் ஒரு சட்டம் இயற்றியது. விரும்புவோர் பதியலாம் என்பதற்கு மேல் அதில் கட்டாயம் இல்லை. நாடு முழுமைக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசுப் பணிக்கு வந்தோரில் மிகப் பலருக்குப் பிறப்புச் சான்று என்பதே கிடையாது. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதிய தேதியே பிறந்த தேதி. தந்தை ஜாதகத்தைக் கொண்டுவந்தால் உண்டு. இல்லையேல் குழந்தையின் உயரத்தைப் பார்த்து ஆசிரியரே ஒரு தேதியை எழுதிவிடுவார். கேரளத்தில் ஆண்டுதோறும் மே 31 அன்று அரசு ஊழியர்கள் கூட்டங்கூட்டமாக ஓய்வு பெறுவதற்கு இதுவே காரணம். ஜூனில் பள்ளி திறக்கும். சேர்க்கைக்கு வயது நிறைந்திருக்க வேண்டும். எனவே ஒரு தலைமுறையே மே மாதத்தில் பிறந்ததாயிற்று.

இந்தத் தேதி பள்ளிப் பதிவேட்டிலிருந்து இறுதிச் சான்றிதழுக்கும் அங்கிருந்து பணிப்பதிவேட்டுக்கும் நகர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும் அதன் மேல் ஒரு முத்திரை விழுந்ததே அன்றி, எவரும் மூலத்தைச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க மூலம் என ஒன்று இல்லை. மைய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1962இல் 55இலிருந்து 58 ஆகவும், 1998இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஓய்வூதியமும் கடைசிப் பதவி உயர்வும் அந்தத் தேதியையே நம்பி நின்றன.

பதிவேட்டின் தேதியை மாற்ற முயல்வது ஊழியர் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரிசா அரசின் மருத்துவர் பீனாபாணி தேயி 1938இல் பணியில் சேர்ந்தபோது தாம் 1910 ஏப்ரலில் பிறந்ததாக அறிவித்தார். 1961இல் பெயரிடாக் கடிதங்கள் சில அரசுக்கு வந்தன. அரசு விசாரணை நடத்தி, அவர் 1907இல் பிறந்தவர் எனத் தானே முடிவுகட்டி, ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டதாகக் கருத வேண்டும் என ஆணையிட்டது. விசாரணை அறிக்கையை அவருக்குக் காட்டவுமில்லை. 1967இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஜே.சி. ஷாவின் தீர்ப்பில் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. நிர்வாக ஆணையே ஆயினும் ஒருவரின் உரிமையைப் பாதிக்குமானால் இயற்கை நீதிக் கோட்பாட்டைப் பின்பற்றியாக வேண்டும் என்றது. இன்று சட்ட மாணவர் அனைவரும் படிக்கும் இந்த நெறி, ஒரு மருத்துவரின் மூன்றாண்டு வயதுக் கணக்கிலிருந்து பிறந்தது.

நீதிபதிகளும் தப்பவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜோதி பிரகாஷ் மித்தர் தாம் பிறந்தது 1904 டிசம்பர் 27 என்றார். 1918ஆம் ஆண்டின் பீகார்–ஒரிசா அரசிதழில் அவருடைய மெட்ரிகுலேஷன் வயது அச்சாகியிருந்தது. அதன்படி அவர் 1901இல் பிறந்தவர். அன்று உயர் நீதிமன்ற நீதிபதியின் ஓய்வு வயது 60. 1961 டிசம்பரோடு அவர் பதவி முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட, அவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதியின் வயதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு அரசமைப்பில் விடையே இருக்கவில்லை. 1963இன் பதினைந்தாம் திருத்தம் அந்த இடத்தை நிரப்பியது. தலைமை நீதிபதியைக் கலந்து குடியரசுத் தலைவர் தீர்மானிப்பார், அதுவே இறுதி என்று 217ஆம் உறுப்பில் ஒரு கூறு சேர்ந்தது. குடியரசுத் தலைவர் 1901 என்றே முடிவு செய்தார். 1971இல் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. ஓய்வு வயது 62 ஆக உயர்ந்த பின்னரும், மித்தரின் சொந்தக் கணக்கின்படியே அவர் பதவிக்காலம் 1966இல் முடிந்துபோயிருந்தது.

இத்தகைய வழக்குகளின் திசையை மாற்றியது 1979இன் ஒரு விதித் திருத்தம். மைய அரசு ஊழியர்க்கான அடிப்படை விதி 56இன் குறிப்பில் மூன்று நிபந்தனைகள் வந்தன. பணியில் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் திருத்தம் கேட்க வேண்டும். உண்மையான பிழை என்பது ஐயமற நிறுவப்பட வேண்டும். மூன்றாவது நிபந்தனை நுட்பமானது: திருத்திய தேதியின்படி, ஊழியர் முன்பு எழுதிய தேர்வுக்கோ சேர்ந்த பணிக்கோ அன்று வயது போதாதவராக ஆகிவிடக் கூடாது. வயதைக் கூட்டிச் சொல்லி உள்ளே வந்து, குறைத்துச் சொல்லி உள்ளேயே இருக்கும் வழியை அது அடைத்தது.

1979க்கு முன்பே பணியில் சேர்ந்தவர்க்கு ஐந்தாண்டு வரம்பு பொருந்துமா? 1956இல் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, ஓய்வுக்குச் சில மாதங்களே இருக்க 1991இல் திருத்தம் கேட்ட ஒருவரின் வழக்கில், 1993இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. ஹர்நாம் சிங் வழக்கு எனப்படும் அதில், பழைய ஊழியர்க்கும் 1979இலிருந்து ஐந்தாண்டுதான் என்றது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு உள்துறை தொடர்பான கிருபாகரன் வழக்கில் வேறொரு தரப்பும் நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. ஒருவர் கூடுதல் ஆண்டுகள் நீடித்தால், அவருக்குக் கீழே பல்லாண்டு காத்திருப்போரின் பதவி உயர்வு சங்கிலித் தொடராகத் தடைபடும். வழக்கில் இல்லாத அவர்களுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு நேரும். நியாயமான வாதம்தான். ஆனால் இதன்பின், ஒருவர் எப்போது பிறந்தார் என்ற கேள்வி பின்னால் போய், எப்போது கேட்டார் என்ற கேள்வியே முன்னே வந்தது.

நாட்டின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றும் இந்தக் கேள்வியில் சிக்கியது. தரைப்படைத் தலைமைத் தளபதி வி.கே. சிங்கின் மெட்ரிகுலேஷன் சான்றிதழ் 1951 மே 10 என்றது. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு அவர் சிறுவனாக நிரப்பிய விண்ணப்பம் 1950 என்றது. படைத் தலைமையகத்தின் ஒரு பிரிவு முதலாம் தேதியையும் மற்றொரு பிரிவு இரண்டாம் தேதியையும் பல்லாண்டுகள் தத்தம் கோப்பில் வைத்திருந்தன. அவர் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சென்றார். பதவி நீட்டிப்புக்காக அன்று, மானத்துக்காக என்றார். நீதிமன்றம் அவர் நேர்மையை ஐயுறவில்லை. 1950ஐ ஏற்று அவர் எழுதிக்கொடுத்த கடிதங்களைச் சுட்டியது. பிப்ரவரி 10 அன்று மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மே 31 அன்று ஓய்வு பெற்றார்.

இவர்கள் எல்லோரும் எழுதத் தெரிந்தவர்கள். படிவத்தில் என்ன இருந்தது என்று படிக்க முடிந்தவர்கள். தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களில் நிலைமை வேறு. 1971 முதல் 1973 வரை சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. தனியார் முதலாளியின் எழுத்தர், எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்து ‘பி’ படிவப் பதிவேட்டில் குறித்த வயது அரசு நிறுவனத்தின் ஆவணமாயிற்று. சான்றிதழ் இல்லாதவரை மருத்துவக் குழு சோதிக்கலாம். எலும்பு வளர்ச்சிச் சோதனையோ இளையோர்க்கே இருபுறமும் இரண்டாண்டு பிசகும் என்று நீதிமன்றங்களே ஏற்றவை. ஐம்பதைத் தாண்டிய உடலில் அது எதைச் சொல்லும்?

மூன்றாம் தேசிய நிலக்கரி ஊதிய ஒப்பந்தத்தை ஒட்டி, 1987இல் பாரத் கோக்கிங் கோல் நிறுவனத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் அவர் பதிவுகள் அடங்கிய ஒரு படிவம் தரப்பட்டது. பிழை இருந்தால் சொல்லலாம். ஒருவர் தம் பிறந்த தேதி பிழை என்று அப்போதே சொன்னார். நிறுவனம் திருத்தவில்லை. ஆண்டுகள் பல கழித்தே அவர் நீதிமன்றப் படியேறினார். தாமதம் அவருடையதன்று என்று 2014இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மற்றொருவர் 1982இல் சேர்ந்தவர். அப்படிவத்தில் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்கவில்லை. ஓய்வுக்கு ஓராண்டு இருக்கையில், 2009இல், பள்ளித் தேர்வு வாரிய ஆவணத்தோடு வந்து தாம் ஐந்தாண்டு இளையவர் என்றார். ஆவணம் பொய்யென்று நீதிமன்றம் சொல்லவில்லை; கேட்ட காலம் பிந்திவிட்டது என்றது. 2020இல் அவர் வழக்கு தோற்றது. இருவரும் ஒரே நிறுவனத்தார்; 1987இல் இருவர் கையிலும் கொடுக்கப்பட்டது ஒரே படிவம்.