மணலில் எழுதிய விரல்: தொடக்கப் பள்ளியில் செய்து கற்றலின் வரலாறு

தொடக்கநிலை முதலாம் வகுப்பில் இன்று நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரு குழந்தை களிமண்ணை உருட்டி 'அ' என்னும் எழுத்தை அமைக்கிறது. மற்றொன்று குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுகிறது. இதனைக் கண்ணுறும் பெற்றோருள் சிலர், "இது படிப்பா, விளையாட்டா?" என வினவுகின்றனர். இம்முறை அண்மையில் மேலைநாட்டிலிருந்து வந்தது என்னும் எண்ணம் ஆசிரியரிடையேயும் நிலவுகிறது. வரலாற்றை நோக்கின் இவ்வெண்ணம் பாதியே உண்மை என்பது புலனாகும்.

நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளியில் கல்வி விரல் நுனியில் தொடங்கிற்று. குழந்தை தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைந்து, அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லிற்று. கண், செவி, வாய், கை ஆகிய நான்கும் ஒருங்கே தொழிற்பட்டன. மணலில் கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோர்க்குக் கற்பித்தான். எனினும், அப்பள்ளிகளை நாம் மிகைப்படப் போற்றுதல் தகாது. அங்கே பிரம்பும் இருந்தது. பொருள் உணராத மனப்பாடமும் இருந்தது. எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் பெண்மக்களுக்கும் அத்திண்ணைகள் திறந்திருக்கவில்லை.

இம்மணல் எழுத்து கடல் கடந்து சென்ற வரலாறு வியப்புக்குரியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சமயகுரு ஆண்ட்ரூ பெல் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் காலை, குதிரைமீது சென்ற அவர், நாட்டுப்புறப் பள்ளியொன்றில் சிறுவர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அதனைப் பின்பற்ற விரும்பினார். ஆங்குப் பணியாற்றிய துணையாசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் மாணவனிடமே அப்பணியை ஒப்படைத்தார். சிறுவன் சிறுவர்க்குக் கற்பித்தான், முயற்சி வென்றது. இங்கிலாந்து திரும்பிய பெல் 1797ஆம் ஆண்டில் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயருடன் அது பிரிட்டனெங்கும் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

ஆயினும் இவ்வெற்றியினுள் ஓர் இழப்பும் இருந்தது. பிரிட்டனின் பெருங்கூடங்களில் ஒரே ஆசிரியரின்கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசை வரிசையாக அமர்ந்து, கட்டளைக்கேற்ப ஒரே எழுத்தை எழுதினர். அங்கே மணல் விரும்பப்பட்டதற்குரிய தலையாய காரணம் தாளும் மையும் மிச்சமாயின என்பதே. கை அசைந்தது, சிந்தனைக்கு இடமில்லை. கருவி ஒன்றாயினும் நோக்கம் மாறின் கல்வியும் மாறிவிடும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

நோக்கத்தை மீட்டவர்கள் வேறு சிலர். ஜெர்மனியில் ஃபிரெடெரிக் ஃபுரோபல் 1837இல் இளஞ்சிறார் பள்ளியொன்றைத் தொடங்கி, நூற்பந்து, மர உருண்டை, கனசதுரம் முதலியவற்றைக் குழந்தைகளின் கையில் அளித்தார். 1840இல் அப்பள்ளிக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் தம் முதற் பள்ளியைத் திறந்தார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை அவர்தம் மாணவர் விரலால் தடவி ஒலித்தனர். திண்ணையின் மணலும் ரோமின் உப்புத்தாளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே உண்மையைத் தொட்டன. வேறுபாடு யாதெனில், மாண்டிசோரியின் பள்ளியில் குழந்தை தனக்குரிய பணியைத் தானே தேர்ந்தது. தன் பிழையைத் தானே கண்டு திருத்தியது.

அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டில் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் அரசு அவரைப் பகைநாட்டவராகக் கருதி அவர்தம் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. அந்நிலையிலும் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் பணி தொடர்ந்தது. மணலில் எழுதிய மண்ணுக்கே அக்கருத்து புதுவடிவில் திரும்பிற்று எனலாம்.

நம் நாடுகளிலும் இக்கருத்து வேரூன்றியது. உளவியலறிஞர் ஜெரோம் புரூனர் 1960களில், செயல், படம், குறியீடு என்னும் மூவகையில் மனிதர் அறிவைக் கொள்வதாக விளக்கினார். சிங்கப்பூர் 1980களில் உருவாக்கிய தொடக்கநிலைக் கணிதப் பாடம் பொருள், படம், குறியீடு என்னும் வரிசையைப் பின்பற்றிற்று; 2019 முதல் தொடக்கநிலை முதலிரு வகுப்புகளில் மதிப்பெண்ணுக்குரிய தேர்வுகளும் நீக்கப்பட்டன. மலேசியாவில் 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய அடிப்படைகளை முன்னிறுத்தியது; 2011இல் தொடங்கிய அடுத்த கலைத்திட்டம் ஆக்கத்தையும் சிந்தனையையும் அவற்றோடு இணைத்தது.

இவ்வரலாறு தமிழாசிரியராகிய நமக்கு எதனைக் கூறுகிறது? இன்று பல குழந்தைகளுக்குத் தமிழ் வீட்டில் கேட்கும் மொழியன்று. வகுப்பறையில் மட்டுமே சந்திக்கும் மொழி. அத்தகைய குழந்தைக்குப் 'பிசை', 'உருட்டு', 'அடுக்கு', 'கிள்ளு' என்னும் வினைகளைப் பலகையில் எழுதிப் பொருள் கூறின், அவை வெறும் சொற்களாகவே நின்றுவிடும். மாவைப் பிசைந்துகொண்டே 'பிசைகிறேன்' எனச் சொல்லும் குழந்தைக்கோ அச்சொல் சொந்தமாகிவிடுகிறது. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் பத்துக் குச்சிகளைக் கட்டி, அருகில் ஒன்றை வைத்துப் 'பதினொன்று' என்னும் குழந்தை, அச்சொல்லினுள்ளேயே பத்தும் ஒன்றும் இருப்பதைக் கையால் கண்டுகொள்கிறது.

ஆயினும் பெல் முறையின் குறை நம் வகுப்பிலும் நுழையக்கூடும். முப்பது குழந்தைகளும் ஒரே அட்டையை ஒரே வண்ணத்தில் வெட்டி ஒட்டி, ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாது எழுந்து செல்வராயின், அங்கே கை வேலை நடந்தது. மொழிக் கல்வி நடக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு நடவடிக்கையையும் திட்டமிடும்போது நாம் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இச்செயலில் குழந்தை எதனைத் தானே முடிவு செய்கிறது? இச்செயலின்போது எந்தத் தமிழைப் பேசுகிறது? இவ்விரண்டிற்கும் விடை இருப்பின், அந்நடவடிக்கை விளையாட்டாகத் தோன்றினும் கல்வியே ஆகும். விடை இல்லையெனில், எத்துணை அழகிய கருவியும் பெல் காலத்து மணற்பலகையாகவே முடியும்.