வீட்டுக்குள் மின்கலம், வெளியே மின்வலை: டிரெஸ்டனில் தொடரும் இழுபறி

2021ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆம் தேதி பிற்பகலில், ஜெர்மனியின் கிழக்கே உள்ள சாக்சனி மாநிலத்தின் தலைநகரான டிரெஸ்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் திடீரென மின்சாரம் தடைப்பட்டது. ஏறக்குறைய மூன்று லட்சம் வீடுகள் இதனால் பாதிக்கப்பட்டன. டிராம் வண்டிகள் நின்றன. உலோகப் பூச்சுக் கொண்ட பலூன் ஒன்று துணை மின்நிலையத்தில் சிக்கியதே இதற்குக் காரணம் எனப் புலனாய்வாளர்கள் பின்னர் தெரிவித்தனர்.

கூரையில் சூரிய மின்தகடுகளையும் நிலவறையில் பேட்டரி எனப்படும் மின்கலத் தொகுப்பையும் வைத்திருப்போர் இத்தகைய நேரத்தில் கவலையின்றி இருக்கலாம் என்று பலரும் எண்ணக்கூடும். ஆனால் நிலைமை பெரும்பாலும் அவ்வாறு இருப்பதில்லை. பொது மின்வலையில் அழுத்தம் இல்லாதபோது வீட்டின் இன்வெர்ட்டர் தானாகவே இயக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. வீட்டை மின்வலையிலிருந்து துண்டித்துத் தனித்து இயங்கச் செய்யும் கூடுதல் கருவிக்குத் தனியே செலவிட்டிருந்தால் மட்டுமே விளக்கு எரியும். மின்வெட்டுக் காலங்களில் ஈய அமில பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வாங்கி வைத்த தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். அங்கே பேட்டரி வாங்கப்பட்டது இருட்டுக்கு அஞ்சி. ஜெர்மனியில் அது வாங்கப்படுவது கட்டணச் சீட்டைக் கண்டு.

இதன் பின்னணி விலையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு நிர்ணயித்த விலையில் வாங்குவதற்கு உத்தரவாதம் அளித்தது. 2004இல் சிறிய கூரை அமைப்புகளுக்கு யூனிட் ஒன்றுக்கு 57.4 சென்ட் கிடைத்தது. கடையில் வாங்கும் மின்சாரத்தைவிட இது பல மடங்கு அதிகம் என்பதால், எல்லாவற்றையும் விற்றுவிடுவதே புத்திசாலித்தனமாக இருந்தது. தகடுகளின் விலை சரியச் சரிய, இந்த உத்தரவாத விலையும் குறைக்கப்பட்டது. 2025இல் புதிதாக அமைப்போருக்குக் கிடைத்தது எட்டு சென்ட்டுக்கும் குறைவு. அதே வேளையில் வீட்டு நுகர்வோர் வாங்கும் மின்சாரத்தின் விலை 40 சென்ட்டை ஒட்டியிருந்தது. எட்டுக்கு விற்று நாற்பதுக்குத் திரும்ப வாங்குவதைவிட, பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் பயன்படுத்துவது மேல் என்று மக்கள் கணக்கிட்டனர். ஜெர்மனியில் வீட்டு மின்கலங்களின் எண்ணிக்கை 2024 முடிவில் 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

டிரெஸ்டனுக்கு இந்த வரலாற்றில் தனி இடமுண்டு. 1993இல் அங்கு தொடங்கப்பட்ட சோலார்வாட் நிறுவனம், நெருக்கடிக்குள்ளாகி 2012இல் திவால் பாதுகாப்பு நடைமுறையை நாடியது. பின்னர் தொழிலதிபர் ஸ்டெஃபான் குவான்ட்டின் முதலீட்டுடன் மீண்டெழுந்து, 2015இல் 'மைரிசர்வ்' என்ற வீட்டு மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரும் மின் நிறுவனமான ஈ.ஆன் 2016இல் வீட்டு மின்கல விற்பனையில் இறங்கியபோது கைகோர்த்தது இந்நிறுவனத்துடன்தான். தன் வாடிக்கையாளர் தன்னிடமிருந்து குறைவாக வாங்குவதற்கான கருவியை மின் நிறுவனமே விற்க முன்வந்தது குறிப்பிடத்தக்கது. வாடிக்கையாளரை முற்றாக இழப்பதைவிட இது மேல் என்று அது கருதியிருக்க வேண்டும். ஆயினும் சீனப் போட்டியின் முன் டிரெஸ்டனில் தகடு உற்பத்தியைத் தொடர முடியாமல் 2024இல் சோலார்வாட் அதை நிறுத்திக்கொண்டது.

நகரின் மின் விநியோக நிறுவனத்தின் நிலை வேறு. டிரேவாக், என்சோ ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து 2021இல் உருவான சாக்சன்எனர்ஜியின் பெரும்பான்மைப் பங்கு டிரெஸ்டன் மாநகரிடம் உள்ளது. மின்சாரமும் வெப்பமும் விற்று ஈட்டும் இலாபத்தைக் கொண்டே, நகரின் டிராம், பேருந்துச் சேவைகளின் நட்டம் ஈடுசெய்யப்படுகிறது. எனவே மின் விற்பனை குறைந்தால் அது டிராம் பயணியையும் தொடக்கூடிய விடயம்.

இதனினும் சிக்கலானது கம்பிக்கான செலவு. வீடுகளின் வலையமைப்புக் கட்டணத்தின் பெரும்பகுதி, நுகரும் யூனிட்டின் அடிப்படையில் வசூலிக்கப்படுகிறது. ஆனால் கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பராமரிக்கும் செலவு, யூனிட் குறைந்தாலும் குறைவதில்லை. சூரியத் தகடும் மின்கலமும் உள்ள வீடு ஆண்டுத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு வரை தானே ஈடுகட்டலாம். எனினும் சூரியன் மங்கும் டிசம்பரில் அந்த வீடும் மற்ற வீடுகளைப் போலவே முழுமையாகக் கம்பியை நம்பியிருக்கிறது. கோடையில் அது செலுத்தாத கட்டணத்தைப் பிறர் சுமக்கின்றனர். அந்தப் பிறர் யார் என்பதற்கு டிரெஸ்டனின் அண்மைக்கால வரலாறே விடை தருகிறது. 2006இல் இந்நகரம் கடனிலிருந்து மீள்வதற்காகத் தன் வசமிருந்த ஏறக்குறைய 48,000 வாடகைக் குடியிருப்புகளை ஒரே வீச்சில் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்போருக்குச் சொந்தக் கூரை இல்லை. மின்கலத்தின் பயனை அடைவோர் பெரும்பாலும் புறநகரில் சொந்த வீடு உள்ளோர்தாம்.

மின்கலங்கள் வலையின் சுமையைக் குறைக்கின்றன என்ற வாதமும் பாதி உண்மையே. சாதாரண மின்கலம் காலையில் வெயில் வந்தவுடன் நிரம்பத் தொடங்கி, நண்பகலுக்கு முன்பே நிரம்பிவிடுகிறது. அதன் பின், வலை மிகவும் திணறும் நடுப்பகலில், உற்பத்தி முழுவதும் வெளியே பாய்கிறது. இதைத் தவிர்க்கவே, 2013 முதல் 2018 வரை அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ மின்கலங்களுக்கு உதவி வழங்கியபோது, தகடுகளின் திறனில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெளியே அனுப்பக்கூடாது என நிபந்தனை விதித்தது. பின்னர் அது 50 ஆக இறுக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. சந்தை விலை பூச்சியத்துக்குக் கீழே செல்லும் மணித்தியாலங்களில் புதிய அமைப்புகளுக்கு உத்தரவாத விலை கிடையாது. 2024இல் அத்தகைய 457 மணித்தியாலங்கள் பதிவாகியிருந்தன.

தொலைவிலிருந்து மின்கலங்களை இயக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியும் எழுகிறது. டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள லைப்சிக் நகரின் செனெக் நிறுவனம், ஈஎன்பிடபிள்யூ என்ற பெரும் மின் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சில வீடுகளில் அதன் மின்கலங்கள் தீப்பிடித்ததை அடுத்து, 2022 மார்ச்சில் பல்லாயிரக்கணக்கான மின்கலங்களை அந்நிறுவனம் இணையம் வழியே நிறுத்தி வைத்தது. பாதுகாப்பு நோக்கில் அது தேவையான நடவடிக்கை என்பதில் ஐயமில்லை. ஆனால் தன் பணத்தில் வாங்கி, தன் வீட்டுச் சுவரில் மாட்டிய கருவியின் சாவி வேறொருவரிடம் இருப்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

இலங்கையில் இதே பிரச்சினை வேறு வடிவில் வெளிப்பட்டது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை துணை மின்நிலையத்தில் புகுந்த குரங்கு மீது பழி போடப்பட்டது; ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததும் வலையைப் பலவீனப்படுத்தியது என மின்சார சபை தெரிவித்தது. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை அமைப்புகளை அணைத்து வைக்குமாறு அச்சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அங்கே மின்கலம் வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு.

ஜெர்மனியில் விவாதம் இப்போது கட்டண முறையை நோக்கித் திரும்பியுள்ளது. நுகரும் யூனிட்டுக்கு மட்டுமன்றி இணைப்புக்கென்றே நிலையான தொகை வசூலிப்பது, மின்சாரத்தை உள்ளே அனுப்புவோரிடமும் கட்டணம் பெறுவது ஆகிய யோசனைகளை, மின்வலைகளை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சி முகமை 2025 மே மாதம் முன்வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், புதிய சிறு கூரை அமைப்புகளுக்கான உத்தரவாத விலையையே கைவிடலாம் என்று பொருளாதார அமைச்சர் கத்தெரீனா ரைஷெ கூறியபோது சூரிய மின்துறையினர் கடுமையாக எதிர்த்தனர். இணைப்புக் கட்டணம் நிலையான தொகையாக மாறினால், மின்கலம் ஈட்டித் தரும் சேமிப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும். மிகக் குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் தனியர்களும் முதியோரும்கூட இன்றைவிட அதிகம் செலுத்த நேரிடும்.