கீழிருந்து மேலேறிய நுட்பம்: நடுக்கம் நீக்கும் டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸின் தோற்றம்

கேமரா உலகில் புதுமைகள் முதலில் தொழில்முறைக் கலைஞர்களின் விலையுயர்ந்த கருவிகளில் இடம்பிடித்து, பிறகே பொதுமக்கள் கைக்கு இறங்கிவரும் என்பது பொதுவான எண்ணம். கைநடுக்கத்தை ஈடுசெய்யும் நுட்பம் இதற்கு நேர்மாறான வழியில் வளர்ந்தது. 1994இல் நிக்கான் இதைச் சிறிய ஃபிலிம் கேமரா ஒன்றில் பொருத்தியது. மறு ஆண்டு கேனான், எஸ்.எல்.ஆர். கேமராவில் கழற்றி மாட்டக்கூடிய லென்ஸ்களில் முதன்முறையாக ஒன்றுக்கு இந்த வசதியைத் தந்தது. அது 75–300 மி.மீ., எஃப் 4–5.6 ஜூம், சிவப்பு வளையம் பூண்ட ‘எல்’ வரிசையில் சேராத, பொழுதுபோக்குக்குப் படமெடுப்போருக்கான லென்ஸ். ‘எல்’ வரிசைக்கு நுட்பம் வந்தது 1997இல், 300 மி.மீ. எஃப் 4 லென்ஸோடு. விளையாட்டரங்குகளின் ராட்சத எஃப் 2.8 லென்ஸ்களுக்கு 1999இல். ஜூம் லென்ஸ் தானே உண்டாக்கிய குறையைத் தீர்க்கப் பிறந்த நுட்பம் இது என்பதே இந்த வரிசைமுறைக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

குறை எதுவென்று கணக்கே சொல்லும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணுக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி: 300 மி.மீ. என்றால் 1/300 நொடி. எடை குறைந்த, விலை மலிவான ஜூமில் அந்த முனையில் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் 2.8 லென்ஸைவிட இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைவு. ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ.வைச் சுருள் முடியும்வரை மாற்றவும் இயலாது. லென்ஸுக்குள் சுழற்சியை உணரும் ஜைரோக்களை வைத்து, அவை சொல்லும் திசைக்கு எதிராக ஒரு கண்ணாடித் தொகுதியை நகர்த்தியபோது கேனான் உறுதியளித்த ஆதாயமும் அதே இரண்டு ஸ்டாப்தான். 1/75 நொடி போதும் என்றானது. பறித்த வெளிச்சத்தை ஜூம் வேறு வழியில் திருப்பிக் கொடுத்தது. பொருள் அசையாமல் இருந்தால் மட்டும், என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விலை குறைந்த லென்ஸில் சோதித்துப் பார்த்துவிட்டு மேலே கொண்டுபோன வணிக உத்திதானே இது என்று கேட்கலாம். வணிகக் கணக்கு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் வெறும் வெள்ளோட்டமாக இருந்திருந்தால், மேலேறியபோது நுட்பம் மாறாமல் ஏறியிருக்கும். அப்படி நடக்கவில்லை. முதல் ஜூமில், ஓடும் பொருளைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பினால் அந்த அசைவையும் நடுக்கமென்றே எண்ணி எதிர்க்கும். முக்காலியில் ஏற்றினால் அணைத்துவிட வேண்டும். 1997இல்தான் பக்கவாட்டில் திருப்புவதற்கெனத் தனி நிலை வந்தது. முக்காலியைத் தானே கண்டுகொள்ளும் திறன் 1999இல் சேர்ந்தது. ஓட்டப்பந்தயத்தையும் பறவையையும் தொழிலாகப் படமெடுப்பவரின் தேவைகள் மூல வடிவமைப்பில் இல்லை, பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஃபிலிமை அசைக்க முடியாததால்தான் நுட்பம் லென்ஸுக்குள் புகுந்தது. 2003இல் மினோல்டா டிமாஜ் ஏ1 கேமராவில் சென்சாரையே நகர்த்திக் காட்டியபின் லென்ஸில் இது எதற்கு? முற்பாதியை ஏற்கத்தான் வேண்டும். பிற்பாதி வடிவியலில் இடறுகிறது. கேமரா அரை டிகிரி சாய்ந்தால், 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் சென்சார்மீது 0.44 மி.மீ. விலகும், 300 மி.மீ.யில் 2.6 மி.மீ. குவியத் தூரம் கூடக்கூட, சென்சார் ஓடவேண்டிய தூரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. கேனான் 2020இல் வெளியிட்ட ஆர்5 இதற்குச் சான்று. அதன் சென்சார் நகர்வும் லென்ஸின் நடுக்கநீக்கமும் சேர்ந்து இயங்கும்போது, 24–105 எஃப் 4 ஜூமில் நிறுவனம் குறிப்பிடும் ஆதாயம் 5 ஸ்டாப்பிலிருந்து 8 ஆகிறது; 100–500 ஜூமிலோ 5இலிருந்து 6தான். அந்த 100–500 லென்ஸின் துளை, நீண்ட முனையில் எஃப் 7.1, 1995இன் ஜூமைவிடவும் குறுகியது.