புதுமீனின் ஒளியை அளந்த வரலாறு

மாரி மழை ஓய்ந்து வானம் வெளுத்த தை மாதத்து முன்னிரவொன்றில், இலங்கையின் அக்கராயன் குளக்கட்டில் நின்று வடமேற்கு வானத்தை நோக்குவார்க்கு மங்கிய வெண்புகையாய்த் தோன்றும் அந்திரமேதை மண்டலம், ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனியொரு நக்ஷத்திரப் பேரடை என்று உலகம் தெளிந்ததில், அங்கே திடீரெனப் பிரகாசித்து மங்கும் புதுமீன்களை அளந்தோரின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு.

அளப்பதற்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். கிரேக்கர் காலந்தொட்டு விண்மீன்களை, மிகப் பிரகாசமானவை முதலாம் வகுப்பு, மிக மங்கியவை ஆறாம் வகுப்பு என, ஆறு வகுப்பாகப் பிரித்துவந்த வழக்கத்தை, ஐந்து வகுப்பு வேறுபாடு 100 மடங்கு ஒளி வேறுபாடு என்னும் கணித நியமத்தில் 1856ஆம் ஆண்டிலே நிறுத்தியவர் நார்மன் போக்சன். அவரே 1861 முதல் 1891இல் மரணிக்கும் வரை சென்னை வானியல் ஆய்வகத்தின் தலைவராக விளங்கினார். அங்கு அவருக்குத் துணைநின்ற சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867இல், ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து கீர்த்தி பெற்றார்.

1885 ஆகஸ்டில் அந்திரமேதையின் மையத்தருகே ஒரு புதுமீன் தோன்றி ஆறாம் வகுப்பை எட்டியபோது, வானியலார் அதனை ஒளி தெரிந்த அயல்மீன்களோடு கண்ணாலேயே ஒப்பிட்டு மதிப்பிட்டனர். மண்டலத்தின் சொந்த ஒளி பின்னணியில் பரவிக் கிடந்தமையால் அது எளிய காரியமன்று. பின்னர், 1917 முதல், புகைப்படத் தகடுகளில் அகப்பட்ட ஏனைய புதுமீன்களோ பதினாறாம் வகுப்பையும் அதனினும் மங்கிய வகுப்புகளையும் சார்ந்தவை. பத்து வகுப்பு வேறுபாடென்றால், போக்சனின் கணக்கில், 10,000 மடங்கு! இரண்டையும் ஓரினமெனக் கொண்டோர் தூரக் கணக்கில் இடறினர். இத்தகைய மண்டலங்கள் நம் பால்வீதிக்கு அப்பாற்பட்டவையா என்பது குறித்து 1920இல் வானியலாரான ஷாப்லியும் கர்ட்டிசும் நடத்திய புகழ்பெற்ற விவாதத்தில் இப்புதுமீன்களும் பொருளாயின. 1923இல் புதுமீன் தேடிய வானியலார் ஹபிள், ஒளி மாறும் விண்மீனொன்றையே அங்கு கண்டு, அதனைக் கொண்டு மண்டலத்தின் தூரத்தைக் கணித்தார்; 1885இல் தோன்றியது சூப்பர்நோவா என்னும் வேறினமென்பது பின்னரே தெளிவாயிற்று.

சாதாரணப் புதுமீன், அருகிலுள்ள துணைமீனிடமிருந்து ஐதரசனைக் கவர்ந்து சேர்க்கும் வெண்குள்ளன் என்னும் சிறிய, அடர்ந்த விண்மீனின் மேற்பரப்பில் நிகழும் வெடிப்பாகும். அந்திரமேதையில் 2008இல் கண்டறியப்பட்ட ஒன்று ஏறக்குறைய ஆண்டுதோறும் வெடிக்கின்றது. அதன் வெண்குள்ளன், சுப்ரமணியன் சந்திரசேகர் வகுத்த, சூரியனின் 1.4 மடங்கு நிறை என்னும் உச்ச எல்லையை அண்டியிருப்பதாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். இவ்வெடிப்புகளை அளக்கும் கருவிகளுள் ஒன்று, லடாக்கின் ஹான்லேயில் சந்திரசேகரின் பெயர் தாங்கி நிற்கும் 2 மீற்றர் தொலைநோக்கி.

கண்ணும் தகடும் போய் மின்னணுக் கருவி வந்துவிட்டது. ஆயினும் அயல்மீனோடு ஒப்பிடும் முறையும், சென்னையில் முப்பதாண்டு வாழ்ந்த போக்சனின் அளவுகோலும் மாறவில்லை. நம் நாட்டுப் பள்ளிகளில் வானியல் பயில்வோர்க்கு இவ்வரலாறும் கற்பிக்கப்படுதல் வேண்டும்.