மத்தமும் மருத்துவமும்: கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

'மத்தம்' என்னும் சொல் தமிழில் ஊமத்தையையும் குறிக்கும்; மயக்கத்தையும் பித்தையும் குறிக்கும். செடிக்கும் அதனால் விளையும் நிலைக்கும் ஒரு பெயரே அமைந்திருப்பது தற்செயலன்று. மத்தமலர் சூடிய சிவனைப் பித்தன் என அழைத்த மரபும் நம்முடையதே. 'உன்மத்தம்' என்னும் வடசொல்லோடு தொடர்புடைய ஊமத்தம், மலையாளத்தில் உம்மம். போதைக்கு மலையாளத்தில் 'லஹரி' என்று பெயர். அலை என்பது அதன் முதற்பொருள். தமிழ் வணிகர் பலர் வாழ்ந்துவரும் சாலைக் கடைத்தெருவின் வாயிலாகிய கிழக்கேகோட்டையில் இவ்விரு மொழி வழக்குகளும் அருகருகே நிற்கின்றன.

பெயரிடுதல் சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தியன்று. கஞ்சாவால் காப்பகங்கள் பித்தரால் நிறைகின்றன என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டில் பரவியிருந்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவையொட்டி அமைந்த 1893-94ஆம் ஆண்டுக் கஞ்சா ஆணையம் அதனைச் சோதித்தது. 1892இல் ஆங்கில ஆட்சிப் பகுதிக் காப்பகங்களில் சேர்க்கப்பட்ட 1,344 பேருள் 222 பேருக்குக் கஞ்சா முதலியனவே காரணம் எனப் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு பதிவையும் மீள விசாரித்தபோது 98 மட்டுமே ஓரளவேனும் ஏற்கத்தக்கனவாக எஞ்சின. சேர்க்கைப் படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. நோயாளியை அழைத்துவந்த காவலர் அறிந்ததோ அறியாததோ ஒன்றைச் சொல்ல, அது அங்கே எழுதப்பட்டது. மருத்துவர் காணுமுன்பே நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது!

சமத்தானமாயிருந்த திருவிதாங்கூரில் 1870இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இன்று ஊளம்பாறையில் மனநல மையமாக இயங்குகிறது. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' போல இங்கு 'ஊளம்பாறை' வசைச்சொல்லாயிற்று. ஊர்ப்பெயர் வசையாகிவிட்ட இடத்திற்கு ஒருவர் தாமே நடந்து செல்வது எளிதன்று. மருந்தும் மருத்துவரும் இருந்தும் சிகிச்சை தாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1943இல் ஆல்பர்ட் ஹாப்மன் தற்செயலாக விளைவறிந்த எல்.எஸ்.டி., இன்று 0.1 கிராம் அளவிலேயே வணிக அளவாகக் கருதப்பட்டுக் கடுந்தண்டனைக்கு உரியதாகிறது. வேலியோர ஊமத்தையோ அச்சட்டத்துள் அடங்காது. ஆயினும் அது விளைக்கும் பிதற்றலும் மாயக்காட்சியும் உயிருக்கே ஊறு செய்ய வல்லவை.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு பலரும் அறியாதது. சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ பயன்படுத்திய குற்றத்திற்கோ ஆளான அடிமையர், அரசு நிறுவனத்திலோ அரசு ஏற்ற நிறுவனத்திலோ தாமே முன்வந்து சிகிச்சை பெறின், அக்குற்றத்திற்காக வழக்குத் தொடர்வதினின்று காப்புப் பெறுவர். சிகிச்சையை முற்ற முடிக்காவிடின் அக்காப்பு விலக்கப்படலாம். 2016இல் கேரளக் கலால்துறை தொடங்கிய இயக்கத்திற்கு 'விமுக்தி' எனப் பெயர். விடுதலை என்பது அதன் பொருள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் வரையறையுள் சேர்த்தது. சிகிச்சைக் குறிப்புகள் மறைவாகக் காக்கப்படுதலையும் அது நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. 'காரணம்' என்ற அந்தப் பழைய கட்டத்தில் எழுதப்படுவது இனிக் காவலரின் சொல்லாக இருக்க வேண்டியதில்லை.